இடப்பக்கக் குமிழ் சுற்றுகிறதா?

கழுவி உலர்த்திய ரோலை ஸ்டுடியோக்காரர் லைட் பெட்டிமேல் விரிக்கிறார். முனையில் கொஞ்ச தூரம் கன்னங்கரேல் என்றிருக்கிறது. அதைத் தாண்டினால் வெறும் வெளுப்பு, ஒரு நிழல்கூட இல்லை. ஓரத்தில் மட்டும் பிலிம் கம்பெனியின் பெயரும் 1, 1ஏ, 2, 2ஏ என்ற எண்களும் திருத்தமாகத் தெரிகின்றன.

"என்னண்ணே, ஒண்ணுகூட விழலையா?"

"ரோலைத் திருப்பிச் சுத்தும்போது கை லேசா இருந்துச்சா தம்பி?"

"ஆமாண்ணே. ரெண்டு மூணு சுத்துலயே முடிஞ்சிடுச்சு."

"அப்ப ரோல் ஓடவே இல்ல."

ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ, பிலிம் காலத்தைப் பார்த்த ஸ்டுடியோக்காரர் யாரைக் கேட்டாலும் இந்தப் பேச்சு அவருக்குப் பழகியதாகத்தான் இருக்கும். நடுவில் சில ஆண்டுகள் இதற்குத் தேவையில்லாமல் போயிருந்தது. இப்போது அப்பாவின் பீரோவிலிருந்து பெண்டாக்ஸ் கே1000, யாஷிகா, நிக்கான் எஃப்எம்10 என்று தூசி தட்டி எடுத்துக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். அதனால் இந்தப் பேச்சும் திரும்பி வந்திருக்கிறது.

அவர் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று பார்ப்போம். ஓரத்து எழுத்துகளும் எண்களும் மையால் அச்சிட்டவை அல்ல. ஆலையிலேயே ஒளியால் பதித்து அனுப்புகிறார்கள். டெவலப்பரில் போட்டால்தான் அவை கண்ணுக்குத் தெரியும். எழுத்து தெளிவாக வந்திருந்தால் கழுவியதில் தவறில்லை. எழுத்தும் வராமல் மொத்தமும் வெளுத்திருந்தால் மருந்தில்தான் கோளாறு. முனை கறுத்திருப்பது ரோலை மாட்டும்போது வெளிச்சம் பட்ட பகுதி, அது இயல்பு. மிச்சம் இருப்பவை இரண்டே வாய்ப்புகள். ஷட்டர் திறக்காமல் இருந்திருக்கலாம், அல்லது பிலிம் நகராமல் இருந்திருக்கலாம். 36 படமும் ஓடிய ரோலைத் திரும்பச் சுற்ற இருபத்தைந்து முப்பது சுற்றுகள் பிடிக்கும், கையில் பாரமும் தெரியும். இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிட்டது என்றால், பிலிம் டப்பியை விட்டு வெளியே வரவே இல்லை.

ஆனால் அந்தப் பையன் 36 முறை லிவரை இழுத்தான், 36 முறை 'கிளிக்' கேட்டான். எண் காட்டும் சின்னச் சாளரத்தில் முள் 1-இலிருந்து 36 வரை ஒழுங்காக நகர்ந்தது. இத்தனைக்கும் பிறகு உள்ளே எதுவும் நடக்கவில்லை என்றால் நம்பக் கஷ்டம்தான். மேனுவல் கேமராவில் ரோல் மாட்டக் கற்றுக்கொள்வது என்பது முக்கால் பங்கு இந்த ஏமாற்றம் எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வதுதான். மிச்சம் கைப்பழக்கம்.

கேமராவின் பின்கதவைத் திறந்து பாருங்கள். நடுவில் ஷட்டர் திரை. இடப்பக்கம் ரோல் டப்பி உட்காரும் குழி, அதற்கு மேலே திருப்பிச் சுற்றும் குமிழ். வலப்பக்கம் பற்கள் வைத்த ஓர் உருளை, அதையடுத்துப் பிலிமைச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூல். கட்டைவிரலால் லிவரை இழுக்கும்போது பல்லுருளை சுழல்கிறது, ஸ்பூல் சுழல்கிறது, ஷட்டரின் வில் முறுக்கேறுகிறது, எண் ஒன்று கூடுகிறது. இவை எல்லாம் வலப்பக்கத்துப் பல்சக்கரங்களோடு பிணைந்தவை. இடப்பக்கத்துக் குமிழுக்கும் இவற்றுக்கும் ஒரு சக்கரம்கூடத் தொடர்பு கிடையாது. இரண்டு பக்கத்தையும் இணைப்பது பிலிம் ஒன்றுதான்.

அம்பத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எம்டிஎச் சாலையில் டிஐ சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியது. ஸ்பிராக்கெட், ஃப்ரீவீல், செயின் என்ற சொற்களெல்லாம் இந்தப் பகுதியில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. சைக்கிளில் செயின் கழன்றுவிட்டால் பெடல் ஜோராகச் சுற்றும், பின்சக்கரம் அசையாது. பெடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி போகிறது என்றே தோன்றும். கேமராவில் பிலிம்தான் அந்தச் செயின். லிவர், கிளிக், எண் மூன்றும் பெடல் பக்கத்துச் சங்கதிகள். அவை பிலிமைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இடக் குமிழ் மட்டும்தான் பின்சக்கரம். லிவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாகத் திரும்பினால் பிலிம் ஓடுகிறது. திரும்பாவிட்டால் ஓடவில்லை, அல்லது டப்பிக்குள் பிலிம் தொளதொளவென்று இருக்கிறது.

வலப்பக்கத்துக்குள் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. பிலிமை இழுப்பது ஸ்பூல்தானே, பல்லுருளை எதற்கு? ஒரு படத்துக்கு எவ்வளவு நகர வேண்டும் என்று அளந்து கொடுப்பது பல்லுருளையின் வேலை. ஸ்பூலிடம் அந்த வேலையைக் கொடுக்க முடியாது, ஏனெனில் ஸ்பூல் நிமிடத்துக்கு நிமிடம் பெருத்துக்கொண்டே போகும். 36 படச் சுருள் சுமார் 1.6 மீட்டர் நீளம், தடிமன் மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவு. வெறும் ஸ்பூல் 15 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், கடைசிப் படத்தின்போது அது 22 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். ஒரே அளவு சுழன்றால் முதலில் குறைவாகவும் கடைசியில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவும் பிலிமை இழுக்கும்; படங்களுக்கு நடுவே இடைவெளி விரிந்துகொண்டே போகும். அதனால் ஸ்பூலுக்குள் வழுக்கும் கிளட்ச் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பல்லுருளை எவ்வளவு விடுகிறதோ அவ்வளவை மட்டும் சுற்றிக்கொண்டு, மீதிச் சுழற்சியை ஸ்பூல் வழுக்கி விட்டுவிடும். அழகான ஏற்பாடு. ஆனால் தொல்லையும் இதில்தான் இருக்கிறது. பிலிமின் நுனி ஸ்பூலிலிருந்து நழுவிவிட்டாலும் எந்த இடத்திலும் தடை ஏற்படாது. லிவர் எப்போதும்போல் சுகமாக நகரும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் மலிவான கேமராக்களே நாணயமானவை. கட்டைவிரல் சக்கரத்தால் சுற்றும் பல பிளாஸ்டிக் கேமராக்களிலும், ஒரு முறை எடுத்துவிட்டு அப்படியே கொடுத்துவிடும் கேமராக்களிலும், பல்லுருளையைச் சுழற்றுவதே ஓடுகிற பிலிம்தான். அந்தப் பல்லுருளை சுழன்றால்தான் ஷட்டர் முறுக்கேறும். பிலிம் ஓடாவிட்டால் கிளிக்கே வராது. நல்ல இரும்புக் கேமராவில் ஷட்டரை லிவரே முறுக்குகிறது, அதனால் ரோல் இல்லாமலும் நாள் முழுக்கக் கிளிக் அடிக்கலாம். இது தொல்லை என்று தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். கேனான் 1960-களில் கியூஎல் என்ற பெயரில், நுனியைக் கோட்டில் வைத்துக் கதவை மூடினால் தானே பிடித்துக்கொள்ளும் அமைப்பைக் கொண்டுவந்தது. மினோல்டா எக்ஸ்-700 போன்றவற்றில் பிலிம் ஓடுகிறதா என்று காட்டத் தனிச் சாளரமே வைத்தார்கள்.

பிலிமின் இரு ஓரமும் இருக்கும் துளைகளின் கதை சினிமாவிலிருந்து வருகிறது. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டபிள்யூ. கே. எல். டிக்சன், ஈஸ்ட்மன் கம்பெனியின் 70 மில்லிமீட்டர் பிலிமை நடுவில் கீறி 35 மில்லிமீட்டர் ஆக்கி, ஒரு சினிமாப் படத்துக்கு நான்கு துளை என்று வகுத்தார். பின்னால் ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் அதே சினிமாப் பிலிமைப் படுக்கைவாட்டில் ஓட்டி, இரண்டு சினிமாப் படங்களின் இடத்தில் ஒரு படம் எடுக்கும் சிறிய கேமராவைச் செய்தார். அதுதான் 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா. ஆக, ஒரு படத்துக்கு எட்டுத் துளை. ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் 4.75 மில்லிமீட்டர், எட்டால் பெருக்கினால் 38. படத்தின் அகலம் 36 மில்லிமீட்டர், இடைவெளி 2 மில்லிமீட்டர். பல கேமராக்களில் பல்லுருளைக்கும் எட்டுப் பற்கள்தான் இருக்கும். ஒரு சுழற்சி, ஒரு படம். எண்ணிப் பாருங்கள்.

தொடக்க காலத்தில் லைக்கா வைத்திருந்தவர்கள் இருட்டறையில் தாங்களே பிலிமை வெட்டி டப்பியில் சுருட்டிக்கொண்டார்கள். கோடக் 1934-இல் ரெட்டினா கேமராவோடு சேர்த்து, ஆலையிலேயே சுருட்டிய டப்பியைக் கொண்டுவந்த பிறகுதான் பகல் வெளிச்சத்தில் யாரும் ரோல் மாட்டலாம் என்றானது. இன்றும் கடையில் கிடைக்கும் 35 மி.மீ. ரோல் அந்த டப்பிதான். ஆனாலும் சுருட்டும் வழக்கம் நம் ஊரில் விட்டுப்போகவில்லை. 100 அடிச் சுருள் ஒன்றை வாங்கினால் 36 படங்கள் கொண்ட ரோல் பதினெட்டு வரை தேறும். பத்திரிகைப் படக்காரர்களும் ஸ்டுடியோக்காரர்களும் இருட்டறையில் முழம்போட்டு அளந்து பழைய டப்பிகளில் அடைத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்தவர்களுக்குத் துளை, பல், ஸ்பூல் எல்லாம் விரல் நுனியில் மனப்பாடம்.

இப்போது கேமராவைக் கையில் எடுப்போம். முதலில், உள்ளே ஏற்கெனவே ரோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடக் குமிழின் மடிப்புப் பிடியை விரித்து, அம்புக்குறித் திசையில் மெல்லத் திருப்புங்கள். தடை தட்டினால் உள்ளே ரோல் இருக்கிறது, திறக்காதீர்கள். தாராளமாகச் சுற்றினால் குமிழை மேலே இழுங்கள், கதவு திறக்கும். பீரோவில் பத்து வருஷம் கிடந்த கேமராவுக்குள் யாரோ பாதி எடுத்த ரோல் இருப்பது அபூர்வமல்ல.

கதவைத் திறந்ததும் ஷட்டர் திரையில் விரல் படக்கூடாது. துணியோ மெல்லிய உலோகத் தகடோ, இரண்டுமே ஓர் அழுத்தத்தில் கெட்டுவிடும். டப்பியை இடக் குழியில் வைக்கும்போது, கட்டை நீட்டிக்கொண்டிருக்கும் முனை பெரும்பாலான கேமராக்களில் கீழ்ப்பக்கம் வரும். குமிழைக் கீழே தள்ளுங்கள். சில சமயம் இறங்காது. அதன் அடியில் உள்ள கவை, டப்பிக்குள் இருக்கும் குறுக்குப் பட்டையில் இடிக்கும். கொஞ்சம் திருப்பிக்கொண்டே அழுத்தினால் உட்காரும். இது முழுதாக இறங்காமல் கதவை மூடினால் அந்தக் குமிழை நம்ப முடியாமல் போகும். நமக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

அடுத்தது நாக்கு. டப்பியிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் முனை பாதி அகலத்துக்கு வெட்டியிருக்கும். துளைகள் கீழ் ஓரத்தில் மட்டும் இருக்கும். புதிதாக மாட்டுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். நாக்கின் நுனியை ஸ்பூலின் பிளவுக்குள் செருகி, பிளவருகே சின்னப் பல் இருந்தால் அதில் ஒரு துளையைக் கோத்துவிடுங்கள். நுனி மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் சுற்றும்போது உட்சுவரில் உரசும், அதனால் கொஞ்சமாகச் செருகினால் போதும். இப்போது மளமளவென்று கதவை மூடத் தோன்றும். மூடாதீர்கள். நாக்குப் பகுதியில் பல்லுருளையின் கீழ்வரிசைப் பற்கள் மட்டுமே துளையில் மாட்டியிருக்கின்றன. கதவைத் திறந்து வைத்தபடியே லிவரை மெல்ல இழுங்கள். ஷட்டர் முறுக்கேறிவிட்டால் ஒரு முறை அழுத்தி விடுவித்துவிட்டு மறுபடி இழுங்கள். நாக்கு ஸ்பூலில் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி, தன்மேல் தானே படிந்து, முழு அகலப் பிலிம் வந்து மேல்வரிசை, கீழ்வரிசைப் பற்கள் இரண்டும் இரு ஓரத் துளைகளிலும் அமர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தன்மேல் படிந்த சுற்றுதான் பிடி. பிளவில் செருகியது வெறும் தொடக்கம்.

சில கேமராக்களில் ஸ்பூல் பிலிமின் இயற்கையான சுருளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அவற்றில் நுனி வெளியே துள்ளப் பார்க்கும். விரலால் ஒரு நொடி அமர்த்திக் கொடுத்தால் போதும். நுனியைக் கூர்மையாக மடித்துவிடுவது சிலருக்கு வழக்கம். மடித்த இடம் பின்னால் திரும்பச் சுற்றும்போது டப்பியின் வாயில் சிக்கிக்கொள்ளலாம். படப் பகுதியை மடித்தால் இன்னும் மோசம். மடங்கிய இடத்தில் பிறைவடிவக் கறை விழும்.

கதவை மூடுங்கள். உடனே லிவரைத் தொடாமல், இடக் குமிழை அம்புக்குறித் திசையில் மெல்லத் திருப்பித் தொய்வை எடுத்துவிடுங்கள். லேசாகத் தடை தட்டியதும் நிறுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் பிலிம் ஒழுங்காக ஓடினாலும் முதல் இரண்டு மூன்று இழுப்புக்குக் குமிழ் அசையாமல் நின்று பயமுறுத்தும். தொய்வை எடுத்தபின் லிவரை இழுங்கள், கண் குமிழிலேயே இருக்கட்டும். எதிர்த்திசையில் அது திரும்பினால் முடிந்தது வேலை. சாளரத்தில் 1 வரும்வரை வெறுமனே எடுத்துத் தள்ளுங்கள். கதவு திறந்திருந்தபோது டப்பிக்கும் ஸ்பூலுக்கும் நடுவே வெளிச்சத்தில் கிடந்த பகுதிதான் அந்தத் தள்ளுபடி.

எவ்வளவு வெளிச்சம் பட்டால் பிலிம் கெடும் என்று சிலர் கேட்பார்கள். நம்ம ஊர் உச்சிவெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். 100 ஐஎஸ்ஓ பிலிமில் நல்ல படம் ஒன்று விழ, பிலிமின்மேல் சராசரியாகப் பத்தில் ஒரு லக்ஸ்-வினாடி ஒளி போதும். நேர்வெயிலில் ஒரு வினாடி காட்டினால் தேவையைப்போல் பத்து லட்சம் மடங்கு. அந்தப் பகுதிக்குக் கதி மோட்சம் கிடையாது. பிலிமில் இருப்பவை வெள்ளி உப்பின் நுண்படிகங்கள். ஒளி பட்டால் படிகத்துக்குள் சில வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடித் துளியாகின்றன. நான்கைந்து அணுக்கள் சேர்ந்தாலே டெவலப்பர் அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக்கிவிடும். நூறு கோடி மடங்கு பெருக்கம் என்று சொல்லத்தக்க வேலை அது. இவ்வளவு நுண்ணிய உணர்வு உள்ள பொருளுக்குக் காவல், டப்பியின் வாயில் ஒட்டியிருக்கும் இரண்டு கீற்றுக் கறுப்பு வெல்வெட் துணிதான். அந்த வெல்வெட் சாதாரண வெளிச்சத்தைத் தடுக்கும், நேர்வெயிலுக்கு உத்தரவாதம் கிடையாது. வெளிச்சம் பிலிமின் ஓரம் வழியாகவே உள்ளே ஊர்ந்துபோவதும் உண்டு. ஆவடி மார்க்கெட்டில் நின்று ரோல் மாற்ற வேண்டியிருந்தால் ஒரு கடையின் தாழ்வாரத்துக்குள் போங்கள். ஒன்றுமில்லாவிட்டால் சூரியனுக்கு முதுகைக் காட்டி உங்கள் நிழலிலேயே மாற்றுங்கள்.

பாதி எடுத்திருக்கும்போது கதவு தவறித் திறந்துகொண்டால்? பலர் பதறிப்போய் ரோலையே வீசிவிடுகிறார்கள். பாவம், அதில் பல படங்கள் பிழைத்திருக்கும். எடுக்காத பகுதி டப்பிக்குள் பத்திரமாக இருக்கிறது. எடுத்த பகுதி ஸ்பூலில் சுற்றுமேல் சுற்றாக இருக்கிறது. வெளிச்சுற்றில் இருக்கும் கடைசிச் சில படங்கள் போய்விடும், உள்சுற்றில் இருக்கும் முதல் படங்களை மேலே உள்ள அடுக்குகளே மறைத்துக் காப்பாற்றும். சட்டென்று மூடிவிட்டு இரண்டு மூன்று படம் தள்ளி மேற்கொண்டு எடுக்கலாம்.

பின்கதவின் உட்புறத்தில் வில் வைத்த தகடு ஒன்று இருக்கிறதே, அதை யாரும் கவனிப்பதில்லை. அந்தத் தகடு பிலிமைத் தட்டையாகப் பிடிக்கிறது. ஷட்டருக்கு மேலும் கீழும் நான்கு மெல்லிய தண்டவாளங்கள் உண்டு: உள்ளே உள்ள இரண்டில் பிலிம் உட்காரும், வெளியே உள்ள சற்றே உயர்ந்த இரண்டில் தகடு உட்காரும். நடுவில் பிலிமின் தடிமனைவிடக் கொஞ்சமே அதிகமான ஒரு சந்து. இவ்வளவு கவனம் எதற்கு? எஃப்2 துவாரத்தில் லென்ஸ் குவிக்கும் இடத்திலிருந்து முன்னும் பின்னுமாக 0.06 மில்லிமீட்டர் விலகினாலே படம் மங்கத் தொடங்கும். இது பிலிமின் தடிமனில் பாதிகூட இல்லை. பிலிம் கோணலாக ஏறியிருந்தாலும், சந்தில் மணல் துணுக்கு ஒன்று விழுந்திருந்தாலும் படம் கெடும். மணல் இருந்தால் ரோல் நெடுகிலும் தண்டவாளக் கோடுபோல் ஒரு கீறலும் இலவசமாகக் கிடைக்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிப் புழுதிக்கு நடுவே ரோல் மாற்ற வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். மாட்டுவதற்கு முன் உள்ளே ஒரு முறை காற்றடித்துவிடுங்கள். ரப்பர் ஊதி போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

நம் தட்பவெப்பத்துக்கென்று சில சங்கதிகள் உண்டு. வெள்ளி உப்பைத் தாங்கியிருப்பது ஜெலட்டின். அது ஈரத்தை உறிஞ்சி இளகும், பூஞ்சைக்கும் நல்ல தீனி. ரோலைப் பிரிட்ஜில் வைப்பவர்கள் பலர். நல்ல பழக்கம்தான். ஆனால் வெளியே எடுத்த கையோடு மூடியைத் திறந்தால், சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த பிலிமின்மேல் முத்துமுத்தாகப் படியும். மூடியோடு ஒரு மணி நேரமாவது வெளியில் வைத்திருந்துவிட்டுத் திறக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் முக்கியம். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் கேமராவைப் பூட்டி வைத்தால் வேறு மாதிரி அடி. சூட்டிலும் ஈரத்திலும் பதிந்த பிம்பமே கழுவுவதற்கு முன் மெல்ல அழியத் தொடங்கும். கலர் ரோல் என்றால் நிறமும் ஒரு பக்கம் சாயும். எடுத்து முடித்த ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம்.

தூசியும் ஈரமும் சூடும் பிலிமுக்கு ஆகாது என்பது நாட்டின் திட்டத்திலேயே இடம்பெற்ற விஷயம். மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டபோது, ஆலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் குளிர்ந்த, தூசி குறைந்த உதகமண்டலம். பிரான்சின் தொழில்நுட்ப உதவியோடு 1967-இல் உற்பத்தி ஆரம்பமானது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம், பிரிண்ட் போடும் தாள் எல்லாம் அங்கிருந்து வந்தன. ஆலை இருந்த இடத்துக்கு இந்து நகர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதே நிறுவனத்துக்கு அம்பத்தூரிலும் ஓர் ஆலை இருந்தது என்பது இன்று அம்பத்தூரிலேயே பலருக்குத் தெரியாது. கலர் பிலிம், இறக்குமதி, பிறகு டிஜிட்டல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த அடியில் அந்த நிறுவனம் 1990-களிலேயே நலிந்து, பின்னர் மூடப்பட்டது. இன்று நாம் வாங்கும் ரோல்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் ராச்செஸ்டரிலோ இங்கிலாந்திலோ செய்தவை. அதனால்தான் அந்த விலை. ஒரு ரோல் வீணானால், கழுவும் கூலியும் சேர்ந்து, மாணவர்கள் ஒரு மாதத்துக்குக் கேமராவைத் தொட யோசிக்கிற தொகை ஆகிவிடுகிறது.

கடைசி வேலை, ரோலை வெளியே எடுப்பது. 36 முடிந்து லிவர் பாதியில் நின்றால் பலங்கொண்டு இழுக்கக்கூடாது. பிலிமின் மறுமுனை டப்பிக்குள் கட்டையோடு ஒட்டப்பட்டிருக்கிறது. இழுத்தால் துளைகள் கிழியும், அல்லது முனையே அறுந்து வரும்; அறுந்தால் திரும்பச் சுற்ற எதுவும் இல்லை. கேமராவோடு ஸ்டுடியோவின் இருட்டறைக்குப் போவதைத் தவிர வழியில்லை. கேமராவின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பல்லுருளை பல்சக்கரங்களிலிருந்து விடுபட்டு இரு திசையிலும் சுற்றும். அழுத்தாமல் குமிழைத் திருப்பினால் பற்களே துளைகளைக் கிழித்துவிடும். அழுத்திவிட்டுக் குமிழை அம்புக்குறித் திசையில் நிதானமாகச் சுற்றுங்கள். பாரம் தெரியும். முப்பது சுற்றுக்குப் பக்கத்தில் சட்டென்று ஒரு தடை, பிறகு கை லேசாகும். நாக்கு ஸ்பூலை விட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னும் இரண்டு சுற்று சுற்றி நாக்கை உள்ளே இழுத்துவிடுங்கள். வெளியே நீட்டியபடி விட்டால் எடுத்த ரோலையே புது ரோல் என்று நினைத்து மறுபடி மாட்டிவிட வாய்ப்பிருக்கிறது.

புது ரோல் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பழைய ஸ்டுடியோக்களில் தேதி முடிந்து கெட்டுப்போன ரோல் ஒன்றிரண்டு எங்காவது டிராயரில் கிடக்கும். கேட்டால் பெரும்பாலும் காசு வாங்காமலே தருவார்கள். அதை வீட்டில் உட்கார்ந்து, கதவைத் திறந்து வைத்தபடி முதலில் ஓட்டிப் பாருங்கள். பல் எப்படித் துளையில் ஏறுகிறது, ஸ்பூல் எப்படி வழுக்குகிறது, குமிழ் எப்போது திரும்புகிறது என்று கண்ணால் பாருங்கள். பிறகு கதவை மூடி ஓட்டுங்கள். பார்க்காமலே மாட்ட வந்த பிறகு, காசு கொடுத்து ரோல் வாங்குங்கள்.